பித்தளை மூலை இருந்தா மட்டும் அது ராணுவப் பெட்டி ஆயிடாது: பழைய டிரெஸ்ஸிங் கேஸ் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விக்டோரியா காலத்து இங்கிலாந்துல வசதியான ஆம்பளைங்க வெளியூர் கிளம்பினா கூடவே ஒரு மரப்பெட்டியும் கிளம்பும். திறந்தா வெள்ளி மூடி போட்ட கண்ணாடி பாட்டில்கள், சவரக்கத்தி, பிரஷ், சோப்பு டப்பா, மூடியோட உள்பக்கம் முகம் பாக்குற கண்ணாடின்னு எல்லாம் அதது குழியில கச்சிதமா உக்காந்திருக்கும். இதுக்குப் பேரு டிரெஸ்ஸிங் கேஸ். ராணுவ ஆபீசர் வச்சிருந்ததுன்னு சொன்னா விலை எகிறும், அதனால புளுகும் அங்கதான் அதிகம்.

பித்தளை மூலையும் மரத்தோட சமமா அமுங்கிப்போற கைப்பிடியும் இருந்தாலே போர்முனைக்குப் போன பெட்டின்னு நம்புறதுதான் முதல் தப்பு. ஆபீசர்களுக்காக உறுதியா செஞ்ச ஸ்டைல்தான் அது, இல்லேங்கல, ஆனா ரயில்ல போன வக்கீலும் வியாபாரியும் அதே மாதிரி பெட்டியத்தான் வாங்கினாங்க.

அடுத்தது, பித்தளைத் தகட்டுல ஆபீசர் பேரும் ரெஜிமென்ட்டும், அதாவது அவரோட படைப்பிரிவும், பொறிச்சிருக்கேன்னு உருகிப்போறது. கொஞ்சம் நிதானமா பாட்டில் மூடியில இருக்கிற ஹால்மார்க்கப் பாருங்க. லண்டன் வெள்ளின்னா நடக்குற சிங்கம், சிறுத்தைத் தலை, செஞ்சவரோட முத்திரை, அப்புறம் வருஷத்தச் சொல்ற ஒரு எழுத்து இருக்கும், 1890 வரைக்கும் வரி கட்டினதுக்கு அடையாளமா ராஜா இல்ல ராணி தலையும் இருக்கும். இப்ப அந்த வருஷத்தையும் ரெஜிமென்ட் பேரையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. 1881-ல பிரிட்டிஷ் ராணுவம் காலாட்படை ரெஜிமென்ட்டுகளோட நம்பரத் தூக்கிட்டு ஊர்ப் பேரு வச்சது, 24-வது ரெஜிமென்ட் சவுத் வேல்ஸ் பார்டரர்ஸ் ஆனது அப்பதான். மூடியில 1865-க்கான எழுத்து, தகட்டுல சவுத் வேல்ஸ் பார்டரர்ஸ்னா அந்தப் பேரு பின்னாடி வெட்டினது. ஆபீசரே பிற்பாடு வெட்டியிருக்கலாம், போன மாசம் விக்கிறவர் வெட்டியிருக்கவும் சான்ஸ் இருக்கு. நகத்தால தடவிப் பாருங்க: நூறு வருஷத்துக்கு மேல துடைச்ச பொறிப்போட ஓரம் மழுங்கியிருக்கும், தகடு பூரா தேஞ்சு எழுத்து மட்டும் சுருக்குன்னு நகத்துல குத்தினா சந்தேகப்படுங்க. பேரு முழுசா இருந்தா பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெசட்ட ஆன்லைன்ல தேடுங்க, ஆபீசர் நியமனம், பதவி உயர்வெல்லாம் அதுல வந்திருக்கும்.

எல்லா மூடியும் ஒரே செட்டான்னு பாக்காம விடுறவங்க நிறைய. அந்தக் காலத்து லண்டன்ல வருஷ எழுத்து மே மாசத்துல மாறும், அதனால ஒரே பெட்டியில அடுத்தடுத்த ரெண்டு எழுத்து இருந்தா பதறாதீங்க, ஆனா இருபது வருஷ வித்தியாசம்னா எங்கயோ பொறுக்கி சேத்தது. ஈ.பி.என்.எஸ்.னு போட்டிருந்தா அது வெள்ளி முலாம் மட்டும்தான்.

வாங்கினதும் பளபளன்னு ஆக்கணும்னு ஒரு ஆவேசம் வரும் பாருங்க, அதுதான் பெட்டிக்கு எமன். பித்தளை பாலிஷ மூலையில தேச்சா மரத்துக்கும் பித்தளைக்கும் நடுவுல இறங்கி வெள்ளையா காஞ்சுபோயிடும், அப்புறம் எடுக்குறது பெரும்பாடு. மரத்து மேல இருக்கிறது பெரும்பாலும் அரக்குப் பூச்சு, ஸ்பிரிட் பட்டா கரைஞ்சிடும், அதனால சானிட்டைசர், கண்ணாடி துடைக்கிற ஸ்ப்ரே எதையும் கிட்டயே கொண்டு போகாதீங்க. வெள்ளிய அழுத்தித் தேச்சா மேல சொன்ன ஹால்மார்க்கே அழிஞ்சுபோயிடும், அப்புறம் எத வச்சு வருஷம் பாப்பீங்க? புள்ளி விழுந்த பழைய கண்ணாடியயும் மாத்தாதீங்க, அது பெட்டியோட வயசுக்கு ஒரு சாட்சி.

பூட்டு இன்னொரு வம்பு. நல்ல பெட்டிகள்ல பிராமாங்கிற லண்டன் கம்பெனியோட பூட்டு இருக்கும், சாவி குட்டிக் குழாய் மாதிரி. 1851 லண்டன் கண்காட்சி சமயத்துல ஹாப்ஸ்ங்கிற அமெரிக்கப் பூட்டு நிபுணருக்கே 'முடிஞ்சா திற'ன்னு அந்தக் கம்பெனி சவால் விட்ட பூட்டத் திறக்க ஐம்பது மணி நேரத்துக்கு மேல ஆச்சு, நீங்க ஸ்க்ரூடிரைவரோட உக்காந்தா பூட்டும் போச்சு பெட்டியும் போச்சு. அடியில டிராயர் இருந்து திறக்கலேன்னா நெம்பாதீங்க, நிறைய பெட்டியில உள்பக்கம் ஒரு பட்டனோ பித்தளைப் பின்னோ ஒளிச்சு வச்சிருப்பாங்க, அதுதான் அதோட வழி.

கடைசியா பிரஷ்ஷோட முதுகும் கத்தியோட பிடியும். யானைத் தந்தமா இருந்தா இந்தியாவுல விக்கிறது வாங்குறது ரெண்டும் சட்டப்படி குத்தம், பிரிட்டன்லயும் 2018-ல போட்ட தந்தச் சட்டம் 2022 ஜூன்ல அமலுக்கு வந்து சில விலக்குகள் தவிர வியாபாரத்தயே தடுத்திடுச்சு. விக்கிறவர் 'எலும்புதான் சார்'னு சொன்னா லென்ஸ் வச்சுப் பாருங்க. எலும்புல சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளியும் கோடும் தெரியும், தந்தத்துல குறுக்கு வெட்டுப் பக்கம் வளைஞ்ச கோடுகள் ஒண்ண ஒண்ணு வெட்டிப் போகும். அப்படிக் கோடு தெரிஞ்சா பேரமே பேசாம திருப்பிக் குடுத்திடுங்க.