சொட்டை விழுந்த லானைச் சரிசெய்யும்போது செய்யக் கூடாதவை

வீட்டு முன்னால் போட்ட கொரியன் புல் அங்கங்கே சொட்டை விழுந்து, நடுவில் கோரை எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் பலர் முதலில் நர்சரிக்குத்தான் போன் போடுகிறார்கள். பழையதைக் கொத்திப் போட்டுவிட்டுப் புதுப் புல் விரிப்பது சுலபம்தான். ஆனால் பழைய புல் ஏன் செத்தது என்று பார்க்காமல் விரித்தால் புதுசும் அதே இடத்தில் சாகும். நல்ல அடர்த்தியான புல்லைக் களை வந்து கொல்வது அபூர்வம். பெரும்பாலும் புல் விட்டுக்கொடுத்த இடத்தில்தான் களை குடியேறுகிறது.

அதனால் முதல் வேலை, சொட்டை இடத்தில் ஒரு சாண் தோண்டிப் பார்ப்பது. புது வீடு என்றால் அடியில் ஜல்லியும் சிமெண்ட் கட்டியும் உடைந்த டைல்ஸும் கிடைக்கலாம். மேலே கொஞ்சம் செம்மண்ணைத் தூவி மூடிவிட்டுப் போயிருப்பார்கள். அதை எடுக்காமல் எந்த உரம் போட்டும் பயனில்லை. ஓரத்துப் புல்லைப் பிடித்து இழுத்தால் பாய் மாதிரிச் சுருண்டு வருகிறதா? அப்படியானால் அடியில் வெண்புழு வேரைத் தின்றுகொண்டிருக்கலாம். ஆள் நடந்து நடந்து இறுகிய தடம் என்றால், ஈரமாக இருக்கும்போது கடப்பாரையால் நெருக்கமாகக் குத்தித் துளை போட்டாலே பாதி சரியாகிவிடும்.

அடுத்து கோரை. வீட்டு லானில் மனிதனை அழவைப்பது இதுதான். தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டினால் மூன்று முனை தெரியும். கையால் பிடுங்கினால் இலை வந்துவிடும், கிழங்கு மண்ணிலேயே இருக்கும். சில நாளில் மறுபடி முளைக்கும். மண்வெட்டியால் கொத்துவது இன்னும் மோசம். ஒன்றோடொன்று சங்கிலியாகக் கோத்திருக்கும் கிழங்குகள் துண்டாகி, ஒவ்வொன்றும் தனியாகத் துளிர்க்கும். ஈர மண்ணில், செடி சின்னதாக இருக்கும்போதே, குறுகிய கொத்தால் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். மருந்துதான் வேண்டும் என்றால் கிளைபோசேட் பக்கம் போகாதீர்கள், அது புல்லையும் சேர்த்துக் கொல்லும். ஹாலோசல்பியூரான் மீத்தைல் கோரையைத் தாக்கும்; கொரியனும் அருகம்புல்லும் அதைத் தாங்கும். லேபிளில் சொன்ன அளவோடு நிறுத்துங்கள். பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம், அதற்குள் பொறுமை இழந்து மறுபடி அடிக்கக் கூடாது.

பள்ளத்தை நிரப்ப வாங்கும் செம்மண் லோடிலேயே கோரைக் கிழங்கு வரும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. சல்லடையில் சலித்துத்தான் போட வேண்டும், அதுவும் ஒரு செ.மீ. கனத்துக்கு மேல் புல்லின் மேல் கொட்டாமல். பச்சைச் சாணமும் வேண்டாம். மாடு தின்ற களை விதை செரிக்காமல் அதில் கிடக்கும். நன்றாக மக்கிய எரு போதும்.

கொரியனுக்குள் அருகு புகுந்தால் என்ன செய்வது? அருகுபோல் வேரூன்றி வாழ்க என்று சும்மாவா வாழ்த்தினார்கள்! முழு வெயில் விழும் இடம் என்றால் அருகையே லானாக விட்டுவிடலாம் என்பது என் கட்சி. ஓடு தண்டை வெட்டி நாலு விரல் இடைவெளியில் நட்டால் சொட்டையைத் தானே மூடிக்கொள்ளும், செலவும் இல்லை. அக்னி நட்சத்திர வெயிலிலும், ஐப்பசி அடைமழையிலும் மட்டும் நடாதீர்கள்.

யூரியாவைத் தண்ணீரில்லாமல் வாடிய புல்லில் வீசினால் கருகும். 100 சதுர அடிக்கு 100 கிராம் போதும், போட்டதும் தண்ணீர் விட வேண்டும். தினமும் மேலாக நனைப்பதைவிட, வாரம் இரண்டு மூன்று முறை விரல் ஆழத்துக்கு மேல் ஊறும்படி விடுவது நல்லது. மேல்ஈரம் களை விதைக்குத்தான் வசதி. வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒட்ட வெட்டினால் மண்ணில் வெயில் விழுந்து, உறங்கிக் கிடந்த விதை எல்லாம் எழும்.

மாமரத்தடிச் சொட்டைக்கு மேற்சொன்ன எதுவும் பலிக்காது. கொரியனுக்கும் அருகுக்கும் அடர்ந்த நிழல் ஆகாது. நர்சரியில் பஃபலோ புல் என்று விற்கும் அகன்ற இலைப் புல் ஓரளவு தாங்கும். அதுவும் வரவில்லையா, சரி, அங்கே கூழாங்கல் போட்டு இரண்டு நாற்காலியைப் போட்டுவிடுங்கள்.