கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாயுடன் ஒரு விடுமுறை

சென்னையிலிருந்து புதுச்சேரி வரையுள்ள ஏறத்தாழ 150 கிலோமீட்டர் சாலை, வளர்ப்பு நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு இரண்டு நாள் கடலோரத்தில் தங்கிவர விரும்புவோருக்கு மிகவும் வசதியானது. நிறுத்தி இளைப்பாற நிழல் உண்டு, மணற்கரை எங்கும் அருகிலேயே இருக்கிறது, நாயை அனுமதிக்கும் விடுதிகளும் இப்போது கிடைக்கின்றன. ஆயினும் நமக்காக வகுத்த பயணத்தில் நாயையும் சேர்த்துக்கொண்டால் அந்த இரண்டு நாளும் அதற்குத் தண்டனையாகிவிடும். நாயின் உடல் எந்தெந்த நேரத்தில் வெளியே இருக்கத் தாங்கும் என்பதை முதலில் அறிந்து, அதைச் சுற்றியே மற்றவற்றைத் திட்டமிட வேண்டும்.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து தொடங்குவோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையால் கடல் கொந்தளிப்பாக இருக்கும். மார்ச் பாதிக்கு மேல் வெயில் ஏறிவிடும். கத்திரி வெயில் காலத்தில் நாயைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் எண்ணத்தையே கைவிடுவது நல்லது. எஞ்சுவது ஜனவரி முதல் மார்ச் முற்பாதி வரைதான். ஆனால் பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி கடலாமைகள் இக்கரையில் முட்டையிட வருவதும் அப்போதுதான் தொடங்குகிறது. ஒரு குழியில் நூறு முட்டைகளுக்கு மேல் இருக்கும். மோப்பம் பிடித்த நாய்க்கு அதைத் தோண்டி எடுக்கச் சில நிமிடங்கள் போதும். இந்த ஆமைகளும் அவற்றின் முட்டைகளும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. ஆகவே இருட்டிய பிறகு மணலில் நாயை அவிழ்த்துவிடக் கூடாது. கரையேறும் ஆமையின் தடம் தென்பட்டால் கயிற்றைச் சுருக்கிப் பிடித்து வந்த வழியே திரும்பிவிட வேண்டும். இறந்து கரை ஒதுங்கும் ஆமைகளும் இக்காலத்தில் உண்டு. அழுகிய ஆமையின்மீது ஒருமுறை புரண்டெழுந்த நாயுடன் காரில் ஊர் திரும்பியவர் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டியிருக்காது.

எந்தக் கரைக்குச் செல்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளமும் புதுச்சேரியின் ஈடன் கடற்கரையும் தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரப்படும் சர்வதேச நீலக்கொடிச் சான்றை 2021இல் பெற்றவை. அச்சான்றின் விதிகளுள் ஒன்று, நாய் முதலிய வளர்ப்பு விலங்குகளின் நடமாட்டத்தைக் கரையில் கண்டிப்பாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது. எனவே அழகாகப் பராமரிக்கப்படும் கரை நாய்க்கு உகந்த கரையாக இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். சவுக்குத் தோப்பை ஒட்டிய, கூட்டமில்லாத கரையே நாய்க்குப் போதும். விடுதியில் இடம் பதியும்போது ‘நாயை விடுவீர்களா’ என்று மட்டும் கேட்டால் ‘விடுவோம்’ என்றுதான் பதில் வரும். தோட்டத்துக்கு வேலி உண்டா, நாம் உணவருந்தும் நேரத்தில் நாய் எங்கே இருக்க வேண்டும், விடுதியில் ஏற்கெனவே நாய்கள் உள்ளனவா என்ற மூன்றையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

புறப்படுவதற்கு ஓரிரு வாரம் முன்பே கால்நடை மருத்துவரிடம் காட்டி, வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் பார்வோ வைரஸ் நோய், எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளும் உரிய காலத்தில் போடப்பட்டுள்ளனவா என்று சரிபார்த்து, உண்ணி மருந்தையும் கொடுத்துவிட வேண்டும். சென்னை வேப்பேரியிலும் புதுச்சேரி குரும்பப்பேட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. இடைப்பட்ட ஊர்களில் நாய்களுக்கு இரவு நேர சிகிச்சை எளிதில் கிடைக்காது என்பதால், தங்குமிடத்துக்கு அருகிலுள்ள மருத்துவரின் தொலைபேசி எண்ணை முன்பே குறித்துக்கொள்வது நலம். பயணத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே உணவை நிறுத்திவிட்டால் வாந்தி பெரும்பாலும் வராது. மாமல்லபுரத்தில் சிற்பங்களைப் பார்க்க நாயைக் காரில் பூட்டிவிட்டுச் செல்லும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. வெளியே 35 டிகிரி வெப்பம் இருக்கும்போது மூடிய காருக்குள் அரைமணி நேரத்தில் 50 டிகிரியைத் தாண்டிவிடும். குடும்பத்தில் ஒருவர் நாயுடன் நிழலில் இருக்க, மற்றவர்கள் முறைமாற்றிச் சென்று பார்த்து வருவதே வழி.

கடற்கரையில் நாய்க்கு நேரும் ஆபத்துகளில் பெரியது அலையன்று, வெப்பம். கடற்காற்று வீசும்போது நமக்குக் குளிர்ச்சியாக இருப்பதற்குக் காரணம், அது நம் உடலின் வியர்வையை உலர்த்துவது. நாய்க்கோ பாத அடிகளைத் தவிர வியர்வை என்று சொல்லத்தக்கது இல்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் அது உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. கடலோரக் காற்றில் ஈரப்பதம் மிகுதி என்பதால் அந்த மூச்சிரைப்பும் முழுப் பயன் தருவதில்லை. இதனால்தான் ‘நல்ல காற்றாக இருக்கிறதே’ என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அதே வேளையில் நம் நாய் தளர்ந்துகொண்டிருக்கும். பக், புல்டாக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இந்த இடர் பன்மடங்கு. வெண்ணிற உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட இராஜபாளையம் நாய்க்கு வெயில் பட்டு மூக்குத் தோல் புண்ணாகவும் கூடும்.

ஆகவே காலையில் விடியலிலிருந்து ஏழரை மணி வரையும், மாலையில் ஐந்தரை மணிக்குப் பிறகும் மட்டுமே மணலில் இறங்க வேண்டும். மாலையில் வெயில் சாய்ந்த பிறகும் மணல் சூட்டை வைத்திருக்கும். புறங்கையை மணலில் ஐந்து விநாடி வைத்துப் பார்த்து, தாங்க முடிந்தால்தான் நாயை இறக்கலாம். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லிலிட்டர் தண்ணீர் என்பது வீட்டுக் கணக்கு. கடற்கரையில் அதைப்போல் இருமடங்கு கையில் இருக்கட்டும். மூச்சிரைப்பு அடங்காமல், எச்சில் கெட்டியாக வழிந்து, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. உடனே நிழலுக்குத் தூக்கிச் சென்று, சாதாரணத் தண்ணீரை உடல் முழுதும் ஊற்றி, விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். ஈரத் துணியால் போர்த்தி வைப்பது வெப்பத்தை உள்ளேயே தேக்கும். குளிர்வித்த பிறகே மருத்துவரிடம் விரைய வேண்டும்.

அடுத்த கவலை வாய். என் நாட்டு நாய் மணி, முதன்முறை கடலைக் கண்டபோது நுரையைக் கடித்துக் கடித்து விளையாடியதை நாங்கள் சிரித்துக்கொண்டு பார்த்திருந்தோம். அன்றிரவு முழுதும் அது வாந்தியும் வயிற்றுப்போக்குமாகத் தவித்தது. உப்புநீர் அளவுக்கு மீறி உள்ளே போனால் நிலைமை இதைவிடவும் மோசமாகும். அன்று முதல் கால்மணிக்கு ஒருமுறை கிண்ணத்தில் நன்னீர் காட்டிவிட்டுத்தான் மறுபடியும் அலைப்பக்கம் விடுகிறோம். வலையிலிருந்து மீனவர்கள் கழித்துப் போடுபவற்றுள் பேத்தை மீன் கொடிய நஞ்சுடையது. கெளுத்தியின் முள்ளும் திருக்கையின் வால்முள்ளும் காலைக் கிழிக்கும். சொறி மீன் (ஜெல்லி மீன்) கரையில் கிடந்தாலும் சுடும். கடல் பாம்பு சில வேளைகளில் உயிருடனேயே கிடக்கும். ‘விடு’ என்றால் வாயிலிருப்பதைக் கீழே போடும் பழக்கம் வராத நாயைக் கரையில் கயிறின்றி விட வேண்டாம். நீந்தத் தெரிந்த நாயாயினும் மிதவை உடுப்பு அணிவிக்க வேண்டும். பந்தை அலைக்குள் வீசக் கூடாது. முகத்துவாரங்களுக்கும், கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டி அமைத்த தூண்டில் வளைவுகளுக்கும் அருகில் நீரில் இறக்கவே கூடாது.

இந்தக் கரை நமக்கு விடுமுறை இடம். மீனவக் குப்பங்களுக்கு வேலைக்களம். நமக்கு உகந்த விடியற்பொழுதில்தான் படகுகளும் கரை திரும்புகின்றன. விரித்துவைத்த வலையின்மீது நாயை நடக்கவிடுவதும், காயும் கருவாட்டின் பக்கம் அது போவதைப் பார்த்துக்கொண்டிருப்பதும் பிறர் பிழைப்பில் கைவைப்பதாகும். முதல் நாளே அங்குள்ள ஒருவரிடம், ‘அண்ணே, இந்தப் பக்கம் நாயை நடத்தலாமா, ஊர் நாய்கள் எந்தப் பக்கம் அதிகம்?’ என்று கேட்டுவிட்டால் நமக்கு வேண்டிய இரண்டு செய்திகளும் கிடைத்துவிடும். ஊர் நாய்கள் தம் எல்லைக்குள் அந்நிய நாயை விடமாட்டா; அவை கூடி நிற்கும் பக்கம் போகாதிருப்பதே உத்தி. நாயின் மலத்தைப் பையில் எடுத்துவருவது வெறும் நாகரிகம் மட்டுமன்று. அதிலுள்ள கொக்கிப் புழுவின் இளம் புழுக்கள் ஈரமணலில் வாழ்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து, அரிப்போடு நெளிந்த கோடுகளாகத் தடிக்கச் செய்யும். அந்த மணலில் வெறுங்காலோடு அமர்ந்துதான் வலை பின்னுகிறார்கள்.

கரையிலிருந்து திரும்பியதும் நன்னீரில் உப்பும் மணலும் போக அலசி, காதின் உட்புறத்தை உலர்ந்த துணியால் ஒற்றியெடுத்து, விரலிடுக்குகளில் நெருஞ்சி முள்ளோ ராவணன் மீசைப் புல்லின் முள்ளோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தோப்பு நிழலில் உலாவிய நாயின் கழுத்துப் பட்டைக்கு அடியிலும் காது மடிப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கக்கூடும். வீடு திரும்பிய இரண்டு மூன்று வாரத்துக்குள் நாய் உணவை வெறுத்தாலோ, காய்ச்சலடித்தாலோ, ஈறு வெளுத்தாலோ, இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லும்போது கடற்கரைக்குச் சென்றுவந்த தேதியையும் மருத்துவரிடம் சொல்ல மறக்க வேண்டாம்.