இரண்டும் ‘பிறைஸ்’தான், ஆனால் ஒன்றல்ல

பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கு ஆங்கில அழைப்பிதழ் வடிவமைத்தது நான்தான். 500 பிரதி அச்சாகி வந்த பிறகு, இளைப்பாறிய ஆங்கில ஆசிரியர் ஒருவர் ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, என்ன விலை குடுக்கப்போறியள்?” என்றார். பரிசுக்குரிய ‘பிறைஸ்’ வரவேண்டிய இடத்தில் விலைக்குரிய ‘பிறைஸ்’! கணினி ஒரு சிவப்புக் கோடுகூடப் போடவில்லை. இரண்டும் சரியான சொற்கள், அது ஏன் போடும்?

சரி, நான் இதைத் தீர்த்துக்கொண்ட வழி இது.

1. ரியூசன் கொப்பியில் உள்ள நீளப் பட்டியலைத் தள்ளி வையுங்கள். அதை மனப்பாடம் செய்து உருப்பட்டவரை நான் கண்டதில்லை. மூன்று சோடி போதும்: பிறைஸ் (விலை, பரிசு), அட்வைஸ் (அறிவுரை, அறிவுரை சொல்வது), லூஸ் (தளர்ந்த, தொலைப்பது). தமிழில் எழுதினால் சோடிக்குள் வித்தியாசமே தெரியாது. எஸ் ஒலிக்கும் இசட் ஒலிக்கும் நாங்கள் எழுதுவது ஒரே ‘ஸ்’. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

2. தொண்டையில் இரண்டு விரலை வையுங்கள். சைக்கிள் ரியூப்பில் காற்றுப் போவதுபோல ‘ஸ்ஸ்ஸ்’ என்று சொல்லுங்கள். விரலில் அதிர்வு இராது. இப்போது மழைக்காலத்து யாழ்ப்பாண நுளம்பு காதோரம் பாடுவதுபோல முரலுங்கள், தொண்டை அதிரும். முதலாவது எஸ், இரண்டாவது இசட். விலை, அறிவுரை, தளர்ந்த மூன்றும் காற்று. பரிசு, அறிவுரை சொல்வது, தொலைப்பது மூன்றும் நுளம்பு.

நான் சறுக்கியது இங்கேதான். தனியே முரல வந்தது, சொல்லின் கடைசியில் வரவில்லை. பிறகுதான் விளங்கியது: ஆங்கிலேயரே கடைசி இசட்டை அழுத்திச் சொல்வதில்லை. அதற்கு முன்னுள்ள உயிரொலியைத்தான் நீட்டுகிறார்கள். விலைக்குச் சட்டென்று வெட்டுங்கள், பரிசுக்குக் கொஞ்சம் இழுங்கள். கேட்பவருக்கு அதுவே போதும்.

3. இனி எழுத்து. விலைக்கும் அறிவுரைக்கும் கடைசியில் சீ, ஈ. சீ வந்தால் காற்றுத்தான். பரிசுக்கு இசட். அறிவுரை சொல்வதற்கு எழுத்து எஸ், ஒலி இசட். ‘நட்டு லூஸ்’, ‘லூஸ் சட்டை’ என்று நாங்கள் அன்றாடம் சொல்கிற லூசுக்கு இரண்டு ஓ. தொலைப்பதற்கு ஒன்றுதான், ஒரு ஓவைத் தொலைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. ஒக்ஸ்போர்ட் லேர்னர்ஸ் அகராதியின் இணையத்தளத்தில் பிரித்தானிய உச்சரிப்பை ஹெட்செற் போட்டுக் கேளுங்கள். போன் ஸ்பீக்கரில் இந்த வித்தியாசம் தெளிவாகப் பிடிபடாமல் போகலாம். தமிழ் அர்த்தம் மட்டும் தரும் செயலிகள் இதற்கு உதவா.

பிற்சேர்க்கை: ‘பிறக்டிஸ்’ (பயிற்சி, பயிற்சி செய்வது) சோடியில் தொண்டை அதிரவே இல்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். அதிராது, இரண்டுக்கும் ஒரே ஒலி. பிரித்தானிய எழுத்தில் பெயர்ச்சொல்லுக்குச் சீ, வினைச்சொல்லுக்கு எஸ். அமெரிக்கர் இரண்டுக்கும் சீ போடுவார்கள். எழுதும்போது தடுமாறினால் அந்த இடத்தில் ‘அட்வைஸ்’ சோடியைப் போட்டுச் சொல்லிப் பாருங்கள். நுளம்பு பாடினால் எஸ்.