புகைச் சான்றைத் திறக்க விடாத சந்தனம்

தேவகோட்டையில் ஒரு பழைய ஸ்பிளெண்டரைப் பேசி வைத்திருந்தேன். முன்பணம் கொடுப்பதற்குள் புகைப் பரிசோதனைச் சான்றை அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் பார்த்துவிடலாம் என்றால், விவரம் பொருந்தவில்லை என்றே வந்தது. அங்கே வண்டி எண்ணோடு, வண்டிச் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களும் வேண்டும். ஆர்.சி. அட்டையில் அந்த வரி தேய்ந்து போயிருந்ததால், வண்டியில் தெரிந்தபடியே அடித்தேன். காரைக்குடி நெட் சென்டரில் சர்வர் கோளாறு என்றார்கள். வேறு போன், வேறு நேரம், எதுவும் உதவவில்லை.

அப்புறம்தான் வண்டியிலேயே உற்றுப் பார்த்தேன். ஹேண்டில் கழுத்தில் எண் பொறித்த இடத்தில் பல ஆயுத பூசைகளின் சந்தனமும் குங்குமமும் கிரீஸோடு இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, மெல்லிய தாளை ஒட்டி வைத்துப் பென்சிலால் தேய்த்தேன். நான் 3 என்று அடித்துக்கொண்டிருந்தது 8. பள்ளத்தின் இடது பாதியைச் சந்தனம் நிரப்பியிருந்தது. (வட்டமாகத் தெரிந்தால் பூஜ்ஜியம்தான், சேஸிஸ் எண்ணில் ஐ, ஓ, க்யூ எழுத்துகள் வராது.)

உடனே சான்று திறந்தது. நம்பர் பிளேட் படமும் இதே வண்டிதான், ஆனால் சான்று காலாவதி. எம்பரிவாகன் செயலியில் கடன் பதிவும் நீங்காமல் நின்றது. கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் நிதி நிறுவனத்தின் தடையில்லாச் சான்றும் வந்த பிறகே பணம் என்று சொல்லிவிட்டேன். வண்டியை விற்கும் அண்ணனும் சரி என்றார்.