ஓப்பன் பேக் ஹெட்போன்களை ஒப்பிட்டுக் கேட்பது எப்படி? புதுச்சேரி வீட்டுக்கு ஏற்ற செய்முறை

இரண்டு ஹெட்போன்களை மாற்றி மாற்றி மாட்டிக் கேட்டுவிட்டு, "இதுலதான் பேஸ் சூப்பர், அது கொஞ்சம் டல்" என்று தீர்ப்புச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அப்படிச் சொல்லும்போது, ஜெயித்தது பெரும்பாலும் சத்தம் கொஞ்சம் தூக்கலாக ஒலித்த ஹெட்போனாகத்தான் இருக்கும். அரை லட்சம், ஒரு லட்சம் என்று போடப்போகிறவர் இந்த ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி தலையிலும் காதிலும் இருக்கிறது: எடை, அழுத்தம், வியர்வை. கடலோரத்தில் இருக்கும் நமக்கு அது சின்ன விஷயமில்லை.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வரி. ஓப்பன் பேக் என்றால் கப்பின் பின்பக்கம் மூடியில்லாமல் வலை போட்டிருக்கும். டிரைவரின், அதாவது கப்புக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரின், பின்னால் எழும் ஒலி உள்ளேயே முட்டித் திரும்பாமல் வெளியே போய்விடும், அதனால் கேட்பது இயல்பாக, காற்றோட்டமாக இருக்கும். 1968-இல் சென்ஹைசர் எச்டி 414 மூலம் இந்த வகையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. குறை என்னவென்றால் உள்ளே இருப்பது வெளியே கேட்கும், வெளியே இருப்பது உள்ளே கேட்கும். பேருந்துக்கும் அலுவலகத்துக்கும் இது ஆகாது.

படி 1: ஃபேனை நிறுத்துங்கள்

வெளிச்சத்தம் உள்ளே வரும் என்றேன் அல்லவா? நம் வீட்டில் அந்த வெளிச்சத்தத்தின் பெயர் சீலிங் ஃபேன். ஃபேன் ஓடும்போது பாடலில் மெல்லிய பகுதிகள், அதாவது தம்புராவின் பின்னொலி, பாடகர் மூச்சு வாங்குவது, ஒரு அடி ஓய்ந்து கரையும் விதம் எல்லாம் அமுங்கிப்போகும். நல்ல ஹெட்போன்கள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவதே இந்த இடங்களில்தான். பிறகு எதை ஒப்பிடுவது?

ஏசி இருந்தால் முதலில் அறையைக் குளிர வைத்துவிட்டு, ப்ளோயரைக் குறைந்த வேகத்தில் வைத்துக் கேளுங்கள். இல்லாவிட்டால் இரவு பத்து மணிக்கு மேல் உட்காருங்கள். முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை மாதிரி நெருக்கமான தெருக்களில் அதற்கு முன்னால் அமைதி கிடைப்பது அரிது. விடியற்காலையும் நல்ல நேரம்தான், மார்கழியில் மட்டும் வேண்டாம். கோயில் ஸ்பீக்கர் முந்திக்கொள்ளும்.

படி 2: பாட்டுப் போடும் முன் உடம்பைக் கேளுங்கள்

பலரும் ஒலியை முதலில் பார்த்துவிட்டு வசதியைக் கடைசியில் கவனிப்பார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். காரணம் உண்டு: ஹெட்போன் காதில் எப்படி உட்காருகிறது என்பதே ஒலியை மாற்றிவிடும். காதைச் சுற்றி உட்காரும் மெத்தையான இயர் பேட் கன்னத்தோடு ஒட்டாமல் ஓரிடத்தில் தூக்கிக்கொண்டிருந்தால் அந்த இடைவெளி வழியாக பேஸ் கசியும். கண்ணாடி போடுபவர்களுக்கு இது அதிகம். கண்ணாடியோடு ஒருமுறை, கழற்றி ஒருமுறை கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

முதலில் எடை. சென்ஹைசர் எச்டி 600 சுமார் 260 கிராம். எச்டி 800 எஸ் 330. ஹைஃபைமேன் ஆர்யா 400 கிராமை ஒட்டி வரும். ஃபோக்கல் யுடோபியா 490. ஆடிஸி எல்சிடி-எக்ஸ் 612 கிராம், அரைக் கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தலையில் வைத்துக்கொண்டு உட்காருவதைவிடக் கூடுதல். ஆனால் கிராமை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். எல்சிடி-எக்ஸில் அகலமான தொங்கு பட்டை எடையை உச்சந்தலை முழுவதும் பரப்பிவிடும். எச்டி 600 இலேசானது, ஆனால் புதிதாக இருக்கும்போது கன்னத்தைப் பிடித்து நெரிக்கும். நாளாக நாளாகத்தான் தளரும். எச்டி 800 எஸ் காதை எங்கும் தொடாமல் சுற்றி உட்காரும். பெரிய காது உள்ளவர்களுக்கு அது வரம்.

அடுத்தது நேரம். கடையில் மாட்டிப் பார்க்கும் பத்து நிமிடத்தில் எல்லா ஹெட்போனும் சொகுசுதான். குறைந்தது ஒன்றரை மணி நேரம் கழற்றாமல் உட்காருங்கள். உச்சந்தலையில் ஒரே புள்ளியில் வலி வருகிறதா, தாடை இறுகுகிறதா, காதுமடலின் நுனி உள்ளே இருக்கும் துணியில் உரசுகிறதா என்று கவனியுங்கள். உரசல் முதலில் பெரிதாகத் தெரியாது, பிறகு அதைத் தவிர வேறெதுவும் மனதில் நிற்காது.

வியர்வையை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு விமர்சனங்களில் லெதர் பேடை ஆடம்பரம் என்று புகழ்வார்கள். சித்திரை, வைகாசியில் கடலூர் மஞ்சக்குப்பத்திலோ புதுச்சேரி முதலியார்பேட்டையிலோ ஃபேனை நிறுத்திவிட்டு அதே லெதரை மாட்டிப் பாருங்கள், கால் மணி நேரத்தில் காதைச் சுற்றி நசநசக்கும். வெலூர் எனப்படும் வெல்வெட் போன்ற துணி பேட் வியர்வையை உறிஞ்சிக்கொள்ளும், மூச்சும் விடும். ஆனால் தலையில் வைத்த எண்ணெயும் அதில்தான் ஏறும். எண்ணெய் தேய்த்த அன்று பரிசோதனையைத் தள்ளிப்போடுங்கள், முக்கியமாக நண்பரிடம் இரவல் வாங்கிய ஹெட்போன் என்றால்.

படி 3: எல்லாம் ஒரே வழியாக வரட்டும்

ஒரே ஃபோன் அல்லது லேப்டாப், ஒரே ஆம்ப் (ஹெட்போனுக்குப் பவர் தரும் ஆம்ப்ளிஃபயர்), ஒரே பாட்டுக் கோப்பு. ஈக்வலைசர், டால்பி அட்மாஸ், பேஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஆம்ப் விஷயத்தில் ஒன்று: எச்டி 600 போன்றவை 300 ஓம் மின்மறுப்பு கொண்டவை, அவற்றுக்கு வோல்டேஜ் வேண்டும். பிளேனர் வகைகள் (மெல்லிய தட்டைப் படலம் அதிர்ந்து ஒலி எழுப்புபவை) பலவற்றுக்கு கரண்ட் வேண்டும். ஃபோனில் நேரடியாகச் செருகி இரண்டையும் ஒப்பிட்டால், ஃபோனுக்கு எது எளிது என்பதுதான் தெரியவரும்.

படி 4: ஒலியளவைச் சமன் செய்யுங்கள்

இதுதான் இந்தச் செய்முறையின் உயிர். வேறு எந்தப் படியை விட்டாலும் இதை விடாதீர்கள்.

ஒரே பாட்டை ஒரு டெசிபல் கூட்டி வைத்தால், காது அதை "சத்தம் கூடியிருக்கிறது" என்று சொல்லாது. "தெளிவாக இருக்கிறது, பேஸ் நிறைவாக இருக்கிறது" என்று சொல்லும். சத்தம் ஏற ஏறத் தாழ்ந்த சுரங்கள் நமக்கு இன்னும் நன்றாகக் கேட்கும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆம்ப் குமிழை ஒரே இடத்தில் வைத்தால் சமமாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். எல்சிடி-எக்ஸ் ஒரு மில்லிவாட்டில் 103 டெசிபல் தரும். ஹைஃபைமேன் சுஸ்வாரா 83-தான். இருபது டெசிபல் வித்தியாசம் என்றால் அதே சத்தத்துக்கு நூறு மடங்கு பவர் வேண்டும்.

செய்யும் முறை இது. கப்பை முழுதாக மூடும் அளவுக்குத் தடித்த அட்டை ஒன்றை வெட்டி, நடுவில் பென்சில் நுழையும் அளவு ஓட்டை போடுங்கள். ஓட்டைக்குப் பின்னால் ஃபோனின் மைக் சரியாக வரும்படி செலோடேப் ஒட்டுங்கள். ஃபோனில் இலவச சவுண்ட் மீட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, ஏ வெயிட்டிங்கில் (காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அளக்கும் அமைப்பு) வையுங்கள். ஹெட்போனின் இடது கப்பை அட்டைமேல் படுக்க வைத்து, பேட் சுற்றிலும் ஒட்டும் அளவுக்கு மெதுவாக அழுத்தி, பிங்க் நாய்ஸ் ஒலிக்க விடுங்கள். மழை கொட்டுவது போன்ற அந்தச் சீரான இரைச்சல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். எண் நின்றதும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஹெட்போனை அதே இடத்தில் வைத்து, அதே எண் வரும்வரை குமிழைத் திருப்புங்கள். குமிழின் இரண்டு நிலைகளையும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள்.

எடுத்து வைக்கும் ஒவ்வொரு முறையும் எண் கொஞ்சம் ஆடும். மூன்று முறை எடுத்து நடுவில் வருவதை வைத்துக்கொள்ளுங்கள். ஃபோன் காட்டும் எண் உண்மையான டெசிபல் இல்லை, அதைப் பற்றிக் கவலை வேண்டாம். நமக்கு வேண்டியது இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் மட்டுமே. அரை டெசிபலுக்குள் வந்தால் வீட்டுச் சோதனைக்கு நல்ல சமன். கடைசியாகத் தனிக் குரல் ஒன்றைப் போட்டு, இரண்டிலும் பாடுபவர் ஒரே தூரத்தில் நிற்பதுபோல் இருக்கிறதா என்று காதாலும் சரிபாருங்கள். குரல் ஒத்துப்போகாவிட்டால் ஒரு புள்ளி நகர்த்தலாம்.

சமன் செய்யும் அளவும் மிதமாக இருக்கட்டும். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை, மூன்று டெசிபல் கூடினால் அந்த நேரம் பாதியாகும்.

படி 5: உங்கள் காதுக்குப் பழகிய ஒலியைப் போடுங்கள்

விமர்சனக்காரர்கள் போடும் ஜாஸ் தட்டுகளைத் தேடி அலைய வேண்டாம். நேரில் எப்படி ஒலிக்கும் என்று உங்களுக்குத் தெரிந்த வாத்தியம்தான் சிறந்த அளவுகோல். நம்மவர்களுக்கு அந்த வகையில் கொடுப்பினை அதிகம், கல்யாணத்திலும் கோயிலிலும் மைக் இல்லாமலே கேட்டு வளர்ந்திருக்கிறோம்.

தம்புராவில் தொடங்குங்கள். குதிரையின்மேல் தந்திக்கு அடியில் செருகும் ஜீவாளி நூல்தான் அந்த ரீங்காரத்தைத் தருகிறது. மேல்சுரங்கள் அடுக்கடுக்காக விரிய வேண்டும். டிரெபிள், அதாவது உயர்ந்த சுரங்களின் ஒலி, குறைவான ஹெட்போனில் அது வெறும் முனகலாகும், கூடுதலான ஹெட்போனில் கம்பி உரசுவதுபோல் இருக்கும். பழைய எச்டி 800-இல் 6,000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு உண்டு, எஸ் மாடலில் அதை அடக்கியிருக்கிறார்கள். தம்புரா அந்த இடத்தை நன்றாகக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து மிருதங்கம். வலந்தலையின், அதாவது வலப்பக்கத் தோலின், கருப்புச் சோறுதான் தோல் வாத்தியத்துக்குச் சுருதி சேர்க்கிறது, சி. வி. ராமன் 1920-இல் ஆராய்ந்து எழுதிய விஷயம் இது. அந்த "நம்" சுரமாகக் கேட்கிறதா, வெறும் தட்டலாகக் கேட்கிறதா? பிறகு தொப்பியின், அதாவது இடப்பக்கத் தோலின், கும்கிக்கு வாருங்கள். உள்ளங்கை அழுத்திச் சறுக்கும்போது சுரம் வளைந்து எழும். எச்டி 600-இல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் மெல்லச் சரியும், அதனால் கும்கியின் வடிவம் கேட்கும், கனம் குறையும். நல்ல பிளேனர் அந்தக் கனத்தைக் கீழ்வரை பிடித்து நிற்கும். கும்கிக்காக மட்டும் பிளேனர் வாங்கினாலும் நான் தப்புச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது நாதஸ்வரம். 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை நம் காது மிகக் கூர்மையானது. இந்தப் பகுதி தூக்கலாக இருந்தால் நாதஸ்வரம் காதைக் குத்தும், பள்ளமாக இருந்தால் தூரத்துத் தெருவில் வாசிப்பதுபோல் இருக்கும். எங்கள் தெருவில் நாதஸ்வரம் வாசிக்கும் பெரியவர் ஒருவரிடம் இரண்டு ஹெட்போன்களைக் கொடுத்தேன். எது என்னவென்று சொல்லவில்லை. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இதுல சீவாளியில காத்து ஏறுற சத்தம் கேக்குது தம்பி. அதுல வாத்தியம் மட்டும்தான் இருக்கு, ஊதுற ஆளைக் காணோம்" என்றார். சீவாளி என்பது நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் நாணல் துண்டு. எந்த அளவீட்டு வரைபடத்திலும் கிடைக்காத விமர்சனம் அது. உங்கள் பக்கத்தில் வாசிக்கிறவர் யாராவது இருந்தால் கட்டாயம் மாட்டிக் காட்டுங்கள்.

மேடை விரிவைப் பார்க்க, ஸ்டீரியோவில் பதிவான கச்சேரி வேண்டும். பாடகர் நடுவில், ஒருபுறம் வயலின், மறுபுறம் மிருதங்கம். எச்டி 800 எஸ் இவர்களைத் தள்ளித் தள்ளி உட்கார வைக்கும், எச்டி 600 நெருக்கி உட்கார வைக்கும். பழைய வானொலிப் பதிவுகள் மோனோ, இரு காதிலும் ஒரே ஒலிதான், அவற்றில் விரிவைத் தேடாதீர்கள். குரலின் நிறத்தைப் பார்க்க மட்டும் அவை அருமையாக உதவும்.

படி 6: மாற்றி மாற்றி, பிறகு நிதானமாக

இருபது, முப்பது விநாடித் துண்டு ஒன்றைத் தேர்ந்துகொண்டு உடனுக்குடன் மாற்றிக் கேளுங்கள். ஒலியின் நினைவு சீக்கிரம் மங்கும், எனவே இடையில் டீ குடிக்கப் போக வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள்: இம்முறை கும்கி, அடுத்த முறை "ச", "ஸ" எழுத்துகளின் கூர்மை. கேட்டதும் தாளில் எழுதிவிடுங்கள்.

அதன் பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனி இரவில் முழுக் கச்சேரியாகக் கேளுங்கள். எந்த ஹெட்போனுக்கும் காது பழகிவிடும், முதலில் மந்தமாகத் தெரிந்தது அரை மணியில் சரியாகத் தோன்றும். பழகிய பிறகும் உறுத்துவது எதுவோ அதுதான் உண்மையான குறை. மறுநாள் வரிசையைத் திருப்பி வைத்துக் கேளுங்கள். கண்ணைக் கட்டி யாரையாவது மாட்டிவிடச் சொல்லலாம், ஆனால் எடையும் பேடும் எது என்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் ஹெட்போனில் முழு மறைசோதனை கடினம்.

படி 7: வாங்கும் முன் இயர் பேட்

உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்தால் செயற்கை லெதர் செதில் செதிலாக உரியும், உள்ளே உள்ள ஸ்பாஞ்சும் அமுங்கிப்போகும். ஸ்பாஞ்ச் அமுங்கினால் டிரைவர் காதுக்கு அருகில் வரும், ஒலி மாறும். ஆகவே இரவல் வாங்கிய பழைய ஹெட்போனைப் புதியதோடு ஒப்பிடும்போது பேடின் தடிமனைப் பாருங்கள். நீங்கள் வாங்கப்போகும் மாடலுக்கு ஒரிஜினல் பேட் தனியாகக் கிடைக்கிறதா, என்ன விலை என்று முன்கூட்டியே விசாரியுங்கள். வேறு கம்பெனி பேட் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதைப் போட்ட பிறகு உங்கள் கையில் இருப்பது வேறொரு ஹெட்போன். நான்காம் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.