ஃபைப்ரோமயால்ஜியா: கண்டறிவதும் வலியைக் குறைப்பதும்

ஃபைப்ரோமயால்ஜியா இருந்தால் மாதக்கணக்கில் உடம்பெல்லாம் வலிக்கும். ரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாது. அதை வைத்து யாராவது "எல்லாம் மனப்பிரமை" என்றால் நம்பாதீர்கள். இந்த நோயில் தசையும் மூட்டும் சிதைவதில்லை. வலி உணர்வை மூளையும் தண்டுவடமும் பெருக்கிவிடுகின்றன. அது ஸ்கேனில் பதியாது.

18 இடங்களை அழுத்தி, 11-இல் வலிக்கிறதா என்று பார்த்த 1990-ஆம் ஆண்டு முறை இன்று கட்டாயமில்லை. 2016-இல் திருத்திய அளவுகோல்படி, உடம்பின் 19 பகுதிகளில் கடந்த வாரம் எத்தனை வலித்தன என்று எண்ண வேண்டும். பிறகு களைப்பு, தூங்கி எழுந்தும் தீராத அசதி, மறதியும் கவனக்குறைவும் ஆகிய மூன்றுக்கும் தலா 0 முதல் 3 வரை மதிப்பெண். கடந்த 6 மாதத்தில் தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு இருந்திருந்தால் தலா 1. இந்த நோய்தான் என்று சொல்ல, வலித்த பகுதிகள் 7-க்குக் குறையாமலும் மொத்த மதிப்பெண் 5-க்குக் குறையாமலும் இருக்க வேண்டும். பகுதிகள் 4 முதல் 6 வரை என்றால் மதிப்பெண் குறைந்தது 9 தேவை. வலி உடம்பில் பரவலாகவும், 3 மாதமாவது நீடித்தும் இருக்க வேண்டும்.

ரத்த அணுக்கள், ஈஎஸ்ஆர், சிஆர்பி (இவை இரண்டும் உடம்பில் அழற்சி உள்ளதா என்று காட்டும்), தைராய்டு: பெரும்பாலோருக்கு இந்தப் பரிசோதனைகள் போதும். ஏஎன்ஏ என்பது லூபஸ் போன்ற நோய்களைத் தேடும் ரத்தப் பரிசோதனை; அத்தகைய நோய் இருக்குமோ என்ற சந்தேகம் எழாதபோது அதை எடுப்பது வீண் கலக்கம். நோயற்றவர்களுக்கும் அது பாசிட்டிவ் ஆகும். மூட்டு வீக்கம், காய்ச்சல், எடை குறைதல், தசை பலவீனம் இருந்தால் வேறு நோயைத் தேடுங்கள். முடக்குவாதத்தோடு சேர்ந்தும் இது வரும் என்பதால், ஒன்று உறுதியானதும் மற்றதை மறந்துவிடக் கூடாது.

சிகிச்சையில் முதலிடம் உடற்பயிற்சிக்கே. மாத்திரை அதற்குத் துணைதான். தினமும் 5 நிமிடம் மெதுவாக நடக்கத் தொடங்கி, வாரம் ஓரிரு நிமிடம் கூட்டி 30 நிமிடத்துக்கு வாருங்கள். வெதுவெதுப்பான நீரில் செய்யும் பயிற்சியும் நல்லது. பலர் தோற்பது ஒரே இடத்தில்: வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்கிறார்கள், அடுத்த சில நாள் படுத்துவிடுகிறார்கள், பயிற்சியால்தான் வலி கூடியது என்று விட்டுவிடுகிறார்கள். நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் ஏறக்குறைய ஒரே அளவு செய்யுங்கள். வலி கூடினால் பாதியாகக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். எழும் நேரம் தினமும் ஒன்றாக இருக்கட்டும். குறட்டை பலமாக இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

மருந்தை மருத்துவரே முடிவு செய்வார். வழக்கமாக இரவில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி., அல்லது டுலோக்செடின் 30-இல் தொடங்கி 60 மி.கி., அல்லது பிரிகாபலின். முதலாவதில் வாய் உலரும், இரண்டாவதில் குமட்டும், மூன்றாவதில் தலைசுற்றும், எடை கூடும். ஐபுபுரூஃபனும் ஸ்டீராய்டும் இந்த வலிக்குப் பயன்படா. மார்ஃபின் வகை மாத்திரைகளைத் தவிருங்கள். டுலோக்செடினையும் பிரிகாபலினையும் திடீரென நிறுத்தாமல், மருத்துவர் சொல்லும் கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.