நெற்கதிர்த் தோரணத்தில் அந்து வராமல் தடுத்த விதம்

மன்னார்குடிப் பக்கம் நெற்கதிரைப் பின்னித் தோரணமும் வாசல் குஞ்சமும் செய்து விற்கிறேன். வாங்கியவர்கள் சொன்ன குறை இரண்டு. மாட்டிய கொஞ்ச நாளில் நெல் உதிர்கிறது, அப்புறம் வீட்டுக்குள் அந்து, அதாவது நெல்லைத் தின்னும் அந்துப்பூச்சி, பறக்கிறது.

உதிர்வதற்குக் காரணம் அறுக்கும் பருவம். நன்றாக முற்றிய கதிர் தொட்டாலே கொட்டும். அதனால் கதிரின் அடி நெல்லில் லேசாகப் பச்சை இருக்கும்போதே அரிவாளால் அறுத்து வாங்குகிறேன். மெஷினில் அறுத்தால் தாள் நசுங்கிவிடும், பின்ன உதவாது. மாப்பிள்ளைச் சம்பாவின் நீளத் தாள் பின்னுவதற்கு எவ்வளவு சுகம்! ஆடுதுறை 45 போன்ற குட்டை ரகத்தில் அந்த நீளம் கிடைக்காது. சிறு பிடிகளாகக் கட்டி நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைக்கிறேன்.

அந்துதான் பெரிய தலைவலி. அது வயலிலேயே கதிரில் முட்டை வைத்துவிடும். புழு நெல்லுக்குள் இருந்துகொண்டே வளர்வதால் வேப்பிலை போட்டும் பயனில்லை. இப்போது பின்னி முடித்து, ஈரம் சுத்தமாகக் காய்ந்தபின் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைக்கிறேன். புகார் நின்றுவிட்டது. வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. குளிர் போகும்வரை அப்படியே விடவேண்டும், இல்லாவிட்டால் நெல்லில் தண்ணீர் கோத்துப் பூசணம் பிடிக்கும்.

வார்னிஷ் அடிப்பதே இல்லை. குருவிக்காகவே வாசலில் மாட்டுகிறவர்கள் நிறையப் பேர், நெல் தின்னும்படி இருக்கவேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எதுவும் காயாது, அப்போது ஆர்டர் எடுப்பதில்லை.